பொட்டலத்தின் முகவரி

பம்பாயில் செம்பூர் ஸ்டேஷனை ஒட்டிய பாத்திரக் கடைகளில் ஒரு குக்கர் வாங்க அரை மணி நேரமாவது ஆகும். கடைக்காரர் மூடியைக் கழற்றிக் காட்டுவார். வெயிட்டை எடுத்துவிட்டு, ஓட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். கேஸ்கட் தேய்ந்துபோனால் எந்த அளவு கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்வார். கடைசியில் கேரண்டி அட்டையில் தேதி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார். ஆறு மாதத்தில் மூடி சரியாக அடையவில்லை என்றால் என் அம்மா குக்கரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போவாள். அம்மாவுக்குச் சட்டம் எதுவும் தெரியாது. கடை தெரியும், அது போதுமாக இருந்தது.

இன்று அதே குக்கர் கைப்பேசியில் ஐந்து படங்களாக வருகிறது. விற்பவர் பெயர் என்று ஏதோ ஒன்று சின்ன எழுத்தில் இருக்கிறது. பிவண்டியிலோ வேறெங்கோ உள்ள கோடவுனிலிருந்து பொருள் புறப்படுகிறது, மறுநாள் காலையில் வாசல் மணி அடிக்கிறது. விலையும் குறைவு, அலைச்சலும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் தனியாக வாழும் வீடுகள் செம்பூரில் நிறைய. அவர்களுக்கு இது பெரிய உதவி என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மூடி அடையவில்லை என்றால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது? இணையச் சந்தையில் விற்கும் பொருள்களுக்கான பாதுகாப்பு விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. படித்து முடித்தபோது, அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன என்று எனக்குத் தோன்றியது.

நான் அவற்றைப் படித்தது எங்கள் கட்டடத்து மாமி ஒருவருக்காக. முப்பது வருடமாக அக்கம்பக்கத்துக்குச் சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி அரைத்துக் கொடுத்து வருகிறார். சேடா நகர் முருகன் கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் பொடி இருக்கும். மருமகள் சொன்னாள் என்று ஆன்லைனில் விற்கத் தீர்மானித்தார். பதிவுப் படிவத்தைத் திறந்தால் எண் மேல் எண்ணாகக் கேட்கிறது. ஒரு சாயங்காலம் அச்சடித்த காகிதங்களோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். “பொடி நன்னாயிருக்கான்னு ஒருத்தரும் கேக்கலை. எதுக்கு இத்தனை நம்பர் கேக்கறா, அதை மட்டும் சொல்லேன்” என்றார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் குக்கரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இந்திய இணையச் சந்தையில் பாதுகாப்பு விதி என்றால் என்ன என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது குக்கர் வழக்கில்தான்.

குக்கருக்குள் நடப்பது எளிமையான காரியம். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். வெளிக்காற்றைப் போல ஒரு பங்கு அழுத்தம் கூடுதலாகச் சேரும்போது தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கும். அதனால்தான் துவரம்பருப்பு கால் மணியில் குழைகிறது. அதே அழுத்தம் எல்லை மீறினால் அடுப்பின் மேல் இருப்பது ஒரு குண்டு. அதைத் தடுக்க முதல் காவல் மேலே ஆடும் வெயிட். பருப்பு நுரையோ அரிசித் துணுக்கோ அதன் துளையை அடைத்துவிட்டால், இரண்டாவது காவலான சேஃப்டி வால்வு வேலை செய்ய வேண்டும். அதில் குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. உருகி வழிவிட்டால் ஆவி வெளியேறும். அந்தக் கலவை சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கடைக்காரராலும் முடியாது, ஐந்து நட்சத்திரம் போட்ட வாடிக்கையாளராலும் முடியாது.

டி.டி.கே. பிரெஸ்டீஜை நடத்திய டி.டி. ஜகந்நாதனின் அனுபவம் ஒன்று இங்கே பொருந்தும். வட இந்தியாவில் தங்கள் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தபோது அவர் காரணத்தைத் தேடிப் போனார். கம்பெனியின் வால்வு பழுதானபின், சந்தையில் மலிவாகக் கிடைத்த போலி வால்வுகளை மாட்டியிருந்தது தெரிந்தது. உருக வேண்டிய நேரத்தில் அவை உருகவில்லை. போலி விற்பவனைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட அவர், மூடியின் விளிம்பில் ஒரு சிறிய இடைவெளி வெட்டினார். வெயிட்டும் வால்வும் கைவிட்டாலும் அந்த இடைவெளி வழியாக ரப்பர் கேஸ்கட் பிதுங்கி ஆவியை விட்டுவிடும். மூன்றாவது காவல் அப்படி வந்தது. தயாரிப்பவர் நேர்மையானவராக இருந்தாலும், பொருள் போய்ச் சேரும் சந்தை அந்த நேர்மையைக் கெடுக்கலாம் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். பாதுகாப்பு விதிகளை எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியதும் இதைத்தான்.

தரக் குறியீடு என்றால் நம் எல்லோருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் நினைவுக்கு வரும். 1947இல் இந்தியத் தர நிறுவனமாகத் தொடங்கியது, 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது. பி.ஐ.எஸ். என்பது அதன் சுருக்கம். நிறுவனத்தின் பெயர் போய்விட்டாலும் முத்திரையின் பெயர் மக்கள் வாயில் நின்றுவிட்டது. பலருக்கும் தெரியாத ஒன்று: எல்லாப் பொருளுக்கும் அந்த முத்திரை கட்டாயமில்லை. விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் பொது விதி. ஆபத்து அதிகமுள்ள பொருள்களுக்கு மட்டும் அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை என்று தனியாக ஒன்று பிறப்பிக்கும். அதற்குப்பின் முத்திரை இல்லாமல் அந்தப் பொருளைச் செய்வதும் விற்பதும் விற்பனைக்கு வைப்பதும் குற்றம். பிரஷர் குக்கருக்கு அந்த ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐ.எஸ். 2347 என்ற தர எண் குக்கரில் இருக்க வேண்டும். முத்திரைக்கு மேலே இருப்பது அந்தத் தர எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்குவது தயாரித்தவரின் உரிம எண். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் உரிம எண்ணைத் தட்டினால் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். முத்திரையைப் பார்ப்பவர்கள் நூறு பேர் என்றால் எண்ணைத் தட்டிப் பார்ப்பவர் ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் முத்திரையை எவனும் அச்சடிக்கலாம். எண்தான் மாட்டிக்கொடுக்கும்.

ஆணை வந்தபின்னும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையச் சந்தைகளில் விற்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கையில் எடுத்தது. 2022இல் ஒவ்வொன்றாக உத்தரவுகள் வந்தன. பேடிஎம் மாலில் விற்றவை 39 குக்கர்கள். பிளிப்கார்ட்டில் 598. அமேசானில் 2,265. விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற வேண்டும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றது ஆணையம். பிளிப்கார்ட்டுக்கும் அமேசானுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம்.

அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு 1 லட்சம் ரூபாய் ஒரு தொகையே அல்ல. அந்த வழக்கின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. சந்தை நடத்துபவர்கள் பொதுவாகச் சொல்லும் வாதம் இது: நாங்கள் இடம் கொடுப்பவர்கள், விற்பவர் வேறொருவர். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79ஆம் பிரிவில், பிறர் போடும் தகவலைத் தாங்கி நிற்கும் இடைத்தரகருக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. வாரச் சந்தைக்கு மைதானத்தை வாடகைக்கு விட்டவர், அங்கே விற்கும் கத்தரிக்காயில் புழு இருந்தால் பொறுப்பாவாரா என்பது போன்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மைதானத்துக்காரர் கத்தரிக்காயைத் தன் கிடங்கில் வைத்து, தன் பெயர் போட்ட பெட்டியில் கட்டி, தன் ஆள் மூலம் வீட்டுக்கு அனுப்பி, பணத்தைத் தானே வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விற்றவருக்குத் தருகிறார். அந்தக் குக்கர்கள் விற்றதில் அமேசானுக்குக் கிடைத்த கமிஷன் 6,14,825 ரூபாய் என்று உத்தரவு கணக்குச் சொன்னது. ஒவ்வொரு விற்பனையிலும் வருவாய் பெறுகிறவர், அந்த விற்பனையால் வரும் கேட்டிலிருந்து மட்டும் விலகி நிற்க முடியாது என்பது ஆணையத்தின் நிலை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அபராதத் தொகையை நீதிமன்றத்தில் கட்டும்படியும், வாங்கிய 2,265 பேருக்கும் ஆணையத்தின் உத்தரவைத் தெரிவிக்கும்படியும் 2022 செப்டம்பரில் இடைக்காலமாகச் சொன்னது நீதிமன்றம். வாங்கியவர்களுக்குத் தகவல் சொல் என்ற அந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியின் பொடியில் அது திரும்ப வரும்.

விற்பவர் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. 2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பொருளின் குறையால் ஒருவருக்குக் காயமோ நஷ்டமோ ஏற்பட்டால் முதல் பொறுப்பு தயாரித்தவருக்கு. வெறுமனே வாங்கி விற்பவர் எப்போது மாட்டிக்கொள்வார் என்பதை 86ஆம் பிரிவு சொல்கிறது. பொருளை அவர் மாற்றியிருந்தால், பொட்டலத்தையோ லேபிளையோ தன் கையில் வைத்திருந்தால், தயாரித்தவர் சொல்லாத உறுதியைத் தானாகச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர் பொறுப்பாளி. தயாரித்தவர் யார் என்றே தெரியவில்லை என்றாலும் அவர்தான் பொறுப்பாளி. மசூதி பந்தரிலும் கிராஃபோர்டு மார்க்கெட்டிலும் மொத்தமாகப் பொருள் எடுத்து, சொந்த பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டி ஆன்லைனில் விற்கும் பையன்கள் செம்பூரிலும் தாராவியிலும் நிறைய உண்டு. ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்களுக்கு வியாபார உத்தி. சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு வாக்குமூலம். தயாரித்தவர் முகவரியைக் கிழித்துவிட்டுத் தன் முகவரியை ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் என் கவலை. 2016ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தில், கட்டாய முத்திரை இல்லாத பொருளை விற்றால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருந்தது. ஒரு மூட்டை பொம்மை வாங்கி விற்கும் பையனால் தாங்கக்கூடிய தொகையா அது?

மாமிக்கு இது வரை சொன்னதும், “குக்கர் வெடிக்கும், பொடி வெடிக்குமா?” என்று கேட்டார். பொடி வெடிக்காது. ஆனால் பொடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம். ஈரம் பிடித்த மிளகாயிலும் வேர்க்கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை விடும். அது கல்லீரலைக் கெடுக்கும். சாதாரணமாக வறுப்பதால் அது முற்றிலும் போய்விடாது. மஞ்சள்தூளில் நிறம் ஏறுவதற்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலப்பது தெற்காசியாவில் ஆவணமான பழக்கம். மாமி விரலி மஞ்சளை வாங்கி வெயிலில் காயவைத்துத் தானே அரைப்பவர், அவருக்கு அந்தக் கவலை குறைவு. மழைக்காலம்தான் அவருக்கு எதிரி. ஜூலையில் செம்பூரில் தீப்பெட்டியே நமுத்துப்போகும். பிப்ரவரியில் அரைத்த பொடி மூன்று மாதம் தாங்கினால், ஜூலையில் அரைத்தது அத்தனை நாள் தாங்குமா? முப்பது வருடமாக அவர் கைக்குத் தெரிந்த கணக்கு இது. கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுக்கும்போது, “இதைச் சீக்கிரம் தீர்த்துடு” என்று வாயால் சொல்லிவிடுவார். கோயமுத்தூரிலோ கான்பூரிலோ வாங்குபவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. பொட்டலம்தான் சொல்ல வேண்டும்.

லேபிள் என்பது மாமியின் அந்த வாய்வார்த்தைதான் என்று நான் சொன்னதும் அவருக்குப் பாதி வெறுப்பு போய்விட்டது.

ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தோம். முதலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது, வீட்டில் செய்து விற்பவரும் அதற்குள் வந்துவிட்டார். சிறு வியாபாரத்துக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்று வைத்தார்கள். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் அந்தப் பதிவு என்று அப்போது விதித்தார்கள். எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்தவை மாநிலத்தையும் ஆண்டையும் சொல்லும். மகாராஷ்டிரத்தில் இதைப் பார்த்துக்கொள்வது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் தலைமையகம் உள்ள உணவு மற்றும் மருந்து நிர்வாகம். பயந்துகொண்டிருந்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை.

அடுத்து, கலந்த பொருள்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும். மாமி தனியா, மிளகாய், துவரம்பருப்பு என்று சொல்லிக்கொண்டே வந்து பெருங்காயத்தில் நின்றார். கடையில் விற்கும் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் அல்ல, கூட்டுப் பெருங்காயம். மாமி சமையலறைக்குப் போய் டப்பாவை எடுத்துவந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கோதுமை மாவு என்று போட்டிருந்தது. ஐம்பது வருடமாக அந்த டப்பாவைக் கையாண்டவர் அன்றுதான் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. சாம்பார்ப் பொடியில் கோதுமை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற விதியின் அர்த்தம் எங்கள் இருவருக்கும் அந்த டப்பாவில்தான் விளங்கியது.

சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, எடை, எல்லா வரியும் சேர்ந்த விலை, அரைத்த மாதம், காலாவதி நாள், பேட்ச் எண் எல்லாம் எழுதியாயிற்று. இவற்றில் பெரும்பாலானவை பொட்டலத்தின்மேல் மட்டும் இருந்தால் போதாது, வாங்குபவர் பொத்தானை அழுத்துமுன் திரையிலும் தெரிய வேண்டும். 2018 ஜனவரி முதல் எடையளவுச் சட்ட விதிகள் அதைச் சொல்கின்றன. காலாவதியைப் பற்றி 2024 நவம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இன்னொன்றும் சொன்னது. இணையத்தில் விற்கும் உணவு வீட்டுக்கு வரும் நாளில் அதன் ஆயுளில் 30 விழுக்காடாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது பாக்கியிருக்க வேண்டும். அதைப் படித்த பிறகு, கிடங்குக்கு மொத்தமாக அனுப்பிவைக்கும் யோசனையை மாமி விட்டுவிட்டார். ஆர்டர் வர வர வீட்டிலிருந்தே அனுப்புவது என்று முடிவு.

பேனா நின்ற இடம் முகவரி. தயாரித்தவர் பெயர், முழு முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் மூன்றும் பொட்டலத்தில் இருக்க வேண்டும். கணவர் இல்லாமல் தனியாக இருக்கும் ஒரு பெண் தன் வீட்டு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அச்சடித்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் கைக்கு அனுப்ப வேண்டும். மாமி தயங்கினார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. சட்டம் எழுதியவர்கள் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்று அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. விதி தேவையானதுதான். முகவரி இல்லாத பொட்டலம் அநாதை. ஆனால் வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு பொது முகவரியில், ஒரு பொதுச் சமையற்கூடத்தில் தொழில் செய்ய அரசோ ஊர்ச் சங்கங்களோ வழி செய்து தரலாம். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு இதே பம்பாயில் சாட்சி இருக்கிறது. 1959 மார்ச்சில் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் பப்படத்தின் நடைமுறையைப் பாருங்கள். மாவை ஒரே இடத்தில் பிசைகிறார்கள். பெண்கள் காலையில் வந்து மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் இடுகிறார்கள். இட்டுக் காயவைத்ததைத் திரும்பக் கொண்டுவரும்போது எடையும் தரமும் பார்த்து வாங்குகிறார்கள். உழைப்பு வீட்டில் நடக்கிறது, பொறுப்பும் முகவரியும் கிளையில் இருக்கின்றன. மாமி கடைசியில் மருமகளின் தம்பி வைத்திருக்கும் சிறு ஆபீஸுக்குப் பதிவையும் அரைவையையும் மாற்றிக்கொண்டார், புகாருக்கென்று தனியாக ஒரு சிம் கார்டு வாங்கினார். எல்லோருக்கும் அப்படி ஒரு தம்பி கிடைப்பதில்லை.

லிஸ்டிங் எழுதுவதில் இன்னொரு கண்ணி இருந்தது. மருமகள் நல்ல எண்ணத்தோடு கருவேப்பிலைப் பொடிக்கு, “சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்” என்று எழுதியிருந்தாள். அந்த வரியை நான் அடித்துவிட்டேன். உணவு என்று விற்கும் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல உணவு விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. 1954ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டமும் சர்க்கரை நோயைப் பெயர் சொல்லிப் பட்டியலில் வைத்திருக்கிறது. பொடி மாறவில்லை, ஒரு வரியில் அதன் சாதி மாறிவிடுகிறது. வீட்டில் காய்ச்சும் மூலிகை எண்ணெயும் சோப்பும் இப்படித்தான். மாமியின் நாத்தனார் அவற்றையும் சேர்த்து விற்கலாமே என்றார். அவை அழகுசாதனப் பொருள்கள், செய்து விற்க மருந்துத் துறையின் தனி உரிமம் வேண்டும் என்றதும் அந்தப் பேச்சு நின்றது.

பொம்மையில் இது இன்னும் நுட்பமானது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கூர்முனை இருக்கிறதா, சின்னப் பாகம் கழன்று தொண்டையில் சிக்குமா, சாயத்தில் ஈயம் போன்றவை கசிகின்றனவா என்றெல்லாம் சோதிப்பார்கள். நவராத்திரிக்கு முன் செம்பூரிலும் மாதுங்காவிலும் கொலு பொம்மை வியாபாரம் சூடு பிடிக்கும், இப்போது ஆன்லைனிலும். கொலுவில் வைக்கும் தசாவதார செட் விளையாட்டுப் பொருள் அல்ல. கூடவே விற்கும் மரச் செப்புச் சாமான் விளையாட்டுப் பொருள்தான். தசாவதாரத்தையும், “குழந்தைகள் விளையாடி மகிழ” என்று எழுதி விற்றால் அதிகாரி அந்த வாக்கியத்தைத்தான் படிப்பார். கைவினைஞர்களை இந்த ஆணை நசுக்கிவிடக் கூடாது என்று, கைவினைப் பொருள் துறையில் பதிவு செய்த கலைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் 2020 டிசம்பரிலேயே விலக்கு கொடுத்தார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. விலக்கு அந்தக் குறியீட்டுக்கு உரியவர்களுக்கே. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தலையாட்டிக்கு அது பொருந்தாது.

சோதனைக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பு 2025 மார்ச்சோடு போயிருக்க வேண்டும். தில்லியிலும் தமிழ்நாட்டிலும் பி.ஐ.எஸ். அதிகாரிகள் இணையச் சந்தைகளின் கிடங்குகளுக்குள்ளேயே நுழைந்தார்கள். தில்லியில் அமேசான் கிடங்கில் முத்திரையில்லாத 3,500க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய் மதிப்பு. வெந்நீர்க் கொதிகலன்களும் மிக்ஸிகளும் அவற்றில் இருந்தன. திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள கிடங்கில் 3,376 பொருள்கள். அதே மாவட்டத்தில் கொடுவள்ளியில் பிளிப்கார்ட்டின் கிடங்கிலும் சோதனை நடந்தது. வெந்நீர்க் கொதிகலன் என்றால் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் பாத்திரம், குளியலறையில் ஈரக் கையோடு தொடுவது. குக்கரைப் போலவே அதன் காவலும் உள்ளே மறைந்திருக்கிறது.

அமெரிக்காவிலும் 2024 ஜூலையில் அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அமேசான் தன் கிடங்கில் வைத்து அனுப்பும் பிறர் பொருள்களுக்கு அந்த நிறுவனமே விநியோகஸ்தர் என்று தீர்மானித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 13 முதல், வெளியிலிருந்து விற்பவருக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. பெயர்கள் வேறு, தேடுவது எல்லா ஊரிலும் அதே முகவரிதான்.

மாமி பொடி விற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஒரு தடவை அரைப்பது 5 கிலோ, 200 கிராமில் 25 பொட்டலம். ஒவ்வொரு தடவைக்கும் ஓர் எண். மிளகாய் எந்தக் கடை, எந்தத் தேதியில் வாங்கியது, எத்தனை நாள் வெயில் என்றெல்லாம் எழுதுகிறார். பேட்சுக்கு ஒரு பொட்டலத்தை விற்காமல் எடுத்து, தேதி போட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைக்கிறார். அப்படி வை என்று சொன்னது நான்தான். உண்மையில் பயன்படுமா என்று எனக்கே தெரியாமல் சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து பார்த்தவர், ஒரு பேட்சுப் பருப்புப் பொடியை முகர்ந்துவிட்டு என்னை வரச் சொன்னார். சிக்கு வாடை. ஓரத்தில் கட்டியும் கட்டியிருந்தது. மழைநாளில் வறுத்தது, ஆறுவதற்குள் கட்டிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. மீதி 24 பொட்டலத்தில் 5 அலமாரியில் இருந்தன. அவற்றை எடுத்துவைத்தார். போனவை 19. “அவாளைக் கூப்பிட்டுச் சொல்லணும்” என்று நோட்டைப் புரட்டினார். பேட்ச் எண் இருக்கிறது, ஆர்டர் எண் இருக்கிறது. வாங்கியவர் பெயருக்கும் போனுக்கும் கோடு போட்டு வைத்திருந்த கட்டம் காலி. அவர் விற்ற சந்தை வாங்குபவரின் எண்ணை விற்பவருக்குக் காட்டுவதில்லை. வாங்குபவரின் பாதுகாப்புக்காகத்தான் அந்த ஏற்பாடு, அதுவும் நியாயமே. எது கெட்டது என்று மாமிக்குத் தெரியும், யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. யாரிடம் இருக்கிறது என்று சந்தைக்குத் தெரியும், எது கெட்டது என்று தெரியாது. 2,265 பேருக்கும் தகவல் சொல் என்று தில்லி நீதிமன்றம் சந்தையைப் பார்த்து ஏன் சொன்னது என்று எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

விற்பனையாளர் உதவிப் பக்கத்தில் எழுதினோம். முதலில் வந்தது எங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு தயார் பதில். 19 ஆர்டர் எண்களையும் பேட்ச் எண்ணையும் காரணத்தையும் போட்டு மறுபடி எழுதினோம். மூன்றாம் நாள் செய்தி போய்விட்டதாகப் பதில் வந்தது. அந்த வாரம் புகாருக்கென்று வாங்கிய சிம் கார்டில் பதினொரு அழைப்புகள். மாமி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, பொட்டலத்தைக் கொட்டிவிடச் சொல்லி, பணமா வேறு பொடியா என்று விசாரித்தார். கான்பூர்க்காரரோடு தனக்குத் தெரிந்த இந்தியில் பத்து நிமிடம் பேசினார். மீதி எட்டுப் பேரின் ஆர்டர் எண்களுக்கு எதிரே நோட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.